ரோபோவின் குரல்

"அக்கா, இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே!"

தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். சின்ன வயதில் இருவரும் பார்த்த ஜப்பான் அனிமே அதில் ஓடிக்கொண்டிருந்தது. ரோபோ அரக்கனோடு மோத, பின்னணியில் புல்லாங்குழல் மெல்ல இழைந்தது.

"கிடார் எங்கே, டிரம்ஸ் எங்கே? ரோபோ கையை ஓங்கினாலே காது கிழியற மாதிரி ராக் பாட்டு வருமே?"

அக்கா சிரித்தாள். "அது என் கேசட்டுடா. டேப் ரெக்கார்டர்ல நான்தான் போட்டுவிடுவேன்."

"'பயப்படாதே, நான் இருக்கேன்'னு ரோபோ அடிக்கடி சொல்லுமே? இதுல ஒரு தடவைகூட சொல்லலையே!"

"அதுவும் நான்தான். வாய்கிட்ட கையைக் குவிச்சுக்கிட்டு, தொண்டையைக் கரகரப்பாக்கிப் பேசுவேன்."

"அடிப்பாவி! தலை நரைச்ச வயசுல என் ஹீரோவைக் கொன்னுட்டியே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டென்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டிவி ஸ்பீக்கர் ரிப்பேரா இருந்ததாலயா பாட்டு போட்டே? ஆனா அப்பா நியூஸ் பார்க்கும்போது மட்டும் எப்படி சத்தம் வந்துச்சு?"

அக்காவின் சிரிப்பு நின்றது.

"டிவி நல்லாத்தான் இருந்துச்சு. அதை எவ்வளவு சத்தமா வச்சாலும், பக்கத்து ரூம்ல அப்பா கத்துறதும் அம்மா அழுறதும் கேட்டுச்சு. ராக் பாட்டு போட்டாத்தான் உனக்குக் கேட்கலை."

அவன் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குற வரைக்கும் கேசட்ல சத்தமே இருக்காது இல்லையா?" என்றாள் அக்கா. "அப்பத்தான் ரோபோ பேசும்."