வண்டி வராத வழி

பழையசீவரம் மலையடிக் காட்டுப் பாதையில் மணியடித்துக்கொண்டே சைக்கிளில் வந்த எல்லப்பனை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செங்கேணி நிறுத்தினாள்.

"தார்ரோடு நல்லாத்தானே கீது? இந்தக் காட்டு வழியில எங்க தம்பி போற?"

"அங்க பஸ்ஸு, லாரி தொல்லைக்கா. பட்டாளத்துலேர்ந்து வந்த எங்கண்ணன் ரெண்டு வருசமா வூட்டைவுட்டு வெளியவே வரலை. சைக்கிள்னா அவருக்கு உசுரு. அதான் பாலாத்தோரமா இட்டுக்கினு வந்தேன். தோ, பின்னாடி வராரு பாரு."

நிமிர்ந்து உட்கார்ந்து கம்பீரமாக மிதித்து வந்த அண்ணன் கன்னியப்பன், திடீரென்று காலூன்றி நின்றார்.

"டேய் எல்லப்பா, எங்கடா கீற? மணிச்சத்தம் நின்னுபோச்சே!"

எல்லப்பன் பதறிப்போய் மணியை அடித்தான். "இங்கதான் கீறேன், நேரா வாண்ணா!" என்றவன், செங்கேணியிடம் குரலைத் தாழ்த்தினான். "பங்களாதேஷ் சண்டைல ரெண்டு கண்ணும் போயிடுச்சுக்கா."

செங்கேணி ஓடிப்போய், பாதையில் நின்ற ஆடுகளை ஓரமாக ஒதுக்கினாள்.