சத்தமில்லாமல் ஓடிய படம்

எங்கள் ஆசிரியை லினெட் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்.

பெர்த்தில் எங்கள் கல்லூரியின் ‘இனமும் நீதியும்’ வகுப்பு. வழக்கம்போல முதலில், இந்த மண்ணின் மூத்த குடிகளான நூங்கார் மக்களுக்கு வணக்கம் சொன்னார். பிறகு, மனம் தாங்காதவர்கள் வெளியே போகலாம் என்றார். சிலர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்கள்.

நான் போகவில்லை. இந்தப் பாடத்தில் சேர்ந்ததே இந்தப் படத்துக்காகத்தான்.

இணையத்தில் அது இப்போது கிடையாது. வக்கீல் வைத்து நீக்கியாகிவிட்டது. கல்லூரியில் மட்டும் ஒரு பிரதி மிச்சம்.

போலீஸ்காரரின் சட்டையில் மாட்டியிருந்த கேமரா எடுத்தது. திரையில் ஒரு பஸ் நிறுத்தம். கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு ஒரு நூங்கார் இளைஞன் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனைத் தரையில் போட்டு அமுக்குவார்கள். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்க மாட்டான்.

அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்க வேண்டும். அது போதும் எனக்கு.

“லினெட், சத்தத்தக் கொஞ்சம் வைங்களேன்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எந்தப் போராட்டம் என்றாலும் பதாகையோடு முதல் ஆளாய் நிற்கும் இமொஜெனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன், பாப்கார்னும் வேணுமா உனக்கு? செத்தவங்க குரல அவங்க ஜனங்க கேக்க மாட்டாங்க. அதுகூடத் தெரியாதா?”

அவங்க ஜனங்களாம். என் வெளுத்த தோலைப் பார்த்து யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. சொன்னால் அன்றிலிருந்து நானே பாடமாகிவிடுவேன்.

லினெட் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவனோட அம்மா போன் பண்ணாங்கம்மா. படத்தக் காட்டுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும், சத்தம் மட்டும் வேண்டாம்னு அழுதாங்க. கடைசியில தங்கச்சியத்தான் கூப்பிடுறானாம். அது அந்தப் பொண்ணு காதுல என்னைக்குமே விழக் கூடாதாம்.”



கோர்ட் விசாரணையில் இந்தப் படத்தைப் போட்டபோது அம்மா என் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கம், அதனால்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று காலை என்ன வகுப்பு என்று கேட்டபோது, கணக்கு என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

திரையில் அண்ணன் தரையில் கிடந்தான். சிப்ஸ் சிதறிக் கிடந்தது. அவன் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“இங்கதாண்ணா இருக்கேன்” என்றேன்.

என் குரலும் வெளியே வரவில்லை.