முடியாத கூரை

"உதைக் கூரையெண்டு ஆரடா உனக்குச் சொன்னது? மழை பெய்தால் உதிலை தண்ணி நிண்டு தாரா வளர்க்கலாம்."

செபஸ்தியாம்பிள்ளை பின்வளவுக்குள் கால் வைத்ததும் தொடங்கிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரயில் ஏறி, பாரிஸின் லா ஷப்பலிலிருந்து புறநகரான பொண்டிக்கு, தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தம்பி வலன்ரைன் சுத்தியலோடு ஏணியில் நின்றான்.

பின்வளவில் ஏற்கெனவே ஒரு மரக் கொட்டில் இருந்தது. சாமான் வைக்க இடம் போதாதென்று, அதன் பக்கத்தில் தூண்களை நட்டு, வலன்ரைன் தன் கையாலேயே அதை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். தூண்கள் நேராகத்தான் நின்றன. கூரைதான் இழுபட்டுக்கொண்டே போனது.

செபஸ்தியாம்பிள்ளை பாரிஸுக்கு வந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை கூரை வேலையே செய்தவர். தன்னைக் கேட்காமல் பிரெஞ்சு முதலாளிமார் கூரை தாங்கும் கைமரம் ஒன்றைக்கூட ஏற்றியதில்லை என்பார். வலன்ரைன் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன். வந்த புதிதில் அண்ணனோடு கூரை வேலைக்குப் போய், பிறகு விட்டுவிட்டவன்.

"மரம் வளைஞ்சிருந்தால் முதுகு மேலை இருக்கவேணும். நீ வயித்தை மேலை வைச்சு ஏத்தியிருக்கிறாய். என்னோடை வேலைக்கு வந்தனியெல்லே, அதுவும் மறந்து போச்சோ?"

"மறந்துதான் போச்சு அண்ணை."

"மறக்கிறதுக்கு முதல் அது மண்டையிலை ஏறியிருக்கவேணும்."

அடுத்து, கைமரங்களின்மேல் விரித்திருந்த ஒட்டுப்பலகைகளில் கண் போனது. ஒரு பலகையின் விளிம்பு மரத்தில் பொருந்தாமல் அந்தரத்தில் தொங்கியது. காற்றுக்கு ஆணி அடிக்கிறவனை இன்றுதான் காண்கிறேன் என்றார். பொருத்துகளை ஒரே கோட்டில் விட்டிருக்கிறாய், செங்கல் அடுக்குகிற மாதிரி மாறி மாறி வரவேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்றார். போன ஞாயிறு சாய்வு போதவில்லை என்று திட்டியிருந்தார். அதற்கு முந்தின ஞாயிறு கைமரங்களின் இடைவெளி பிழை.

வலன்ரைனின் மனைவி மேரிறோஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளையும் அவர் விடவில்லை.

"உவன் உன்னையும் உப்பிடித்தான் கட்டினவனோ, அளவு பாராமல்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். தம்பியை ஏணியிலிருந்து இறக்கிவிட்டுத் தானே ஏறினார். பலகைகளைக் கழற்றினார். கைமரத்தைப் புரட்டி முதுகை மேலே வைத்தார். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பேச்சு. கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்த வலன்ரைன் எல்லாவற்றுக்கும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றான். மத்தியானம் மேரிறோஸ் சமைத்த நண்டுக் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் வெளிக்கிடும்போது, நீ தொலைபேசிக்கு உறை வித்துக்கொண்டு இரு, மரத்தைத் தொடாதே என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் மேரிறோஸ் பொறுத்திருப்பாள். ஒவ்வொரு கிழமையும் அவர் ரூ பஜோல் தெருவில் உள்ள தேநீர்க் கடையில் போய் இருந்து, கூரைக் கதையைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லுவார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மரக்கறி வாங்கப் போனால், "அக்கா, கூரை இன்னும் நிக்குதோ?" என்று கடைக்காரப் பெடியன் கேட்கிறான். கோவிலில் பூசை முடிந்து வாசலில் நின்றாலும் அதே கேள்விதான்.

அன்று இரவு அவள் புருசனோடு சண்டை பிடித்தாள். ஊரெல்லாம் சிரிக்குது, உங்களுக்கு ஒரு சொட்டு வெக்கம் இல்லையோ என்று கேட்டாள். தெரியாத வேலையென்றால் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு முடியுங்கள், இல்லாவிட்டால் செபஸ்தியாம்பிள்ளை அத்தானை இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று நானே சொல்லுகிறேன் என்றாள். அதை மட்டும் செய்யாதே என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேலை வெள்ளென முடிந்தது. வீட்டுக்கு வந்தவள் சத்தம் கேட்டுப் பின்வளவுக்குப் போனாள்.

கூரை முடிந்திருந்தது. கைமரங்களெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. பலகைகளின் விளிம்புகள் மரத்தின் நடுவில் வந்து பொருந்தியிருந்தன. பொருத்துகள் மாறி மாறி வந்தன. அத்தானே வந்து பார்த்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அதன்மேல் குந்தியிருந்த வலன்ரைன், ஒரு பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா செய்யிறியள்? வடிவாத்தானே அடிச்சு வைச்சிருக்கிறியள்?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, விளிம்பை அந்தரத்தில் தொங்கவிட்டான்.

"நாளைக்கு ஞாயிறெல்லே," என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. வலன்ரைன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அண்ணி செத்து, அவவைத் தாட்டுப்போட்டு வந்ததிலையிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த மனுசன், நான் முதல் கைமரத்தைப் பிழையாய் ஏத்திப்போட்டனெண்டு கேள்விப்பட்டுத்தான் சப்பாத்துப் போட்டு வெளியிலை இறங்கினவர். அந்தப் பிழை நான் தெரியாமல் விட்டது; மற்றதெல்லாம் கிழமை முழுக்க யோசிச்சு யோசிச்சு விடுறன்."