தாரிணியின் அசதி

கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த தோழிகள் எல்லாரும் அசதி, அசதி என்று புலம்ப, தாரிணி மட்டும் தினமும் மாலையில் துள்ளிக்கொண்டு வீடு திரும்பினாள். ஆபீசெல்லாம் தனக்குச் சும்மா என்று பெருமை வேறு.

அன்று அப்பாவுக்கு விடுமுறை. ஆனாலும் அவள் வேலை முடிந்து வந்தபோது சோபாவில் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"லீவு நாள்ல கூட அப்பாவுக்கு அப்படி என்னம்மா அசதி?"

"அது உன்ற அசதி கண்ணு. நீ வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து உனக்குத் தெரியாம அவருதான் வாங்கிக்கறாரு," என்று அம்மா அவர் மணிக்கட்டில் மினுங்கிய, அடுத்தவர் அசதியை இழுத்துக்கொள்ளும் அசதிப் பட்டையைக் காட்டினாள்.

பதறிப்போய் அதைக் கழற்றினாள் தாரிணி. அன்றைய அசதி மொத்தமும் அவளிடமே திரும்பிவர, அப்பாவின் தோளில் சரிந்தாள்.

அவர் விழித்துக்கொண்டார். "திங்கக்கெழம அசதிய மட்டுமாவது எனக்கு உட்ரு சாமி," என்று கெஞ்சினார்.

பதிலுக்கு மெல்லிய குறட்டைதான் வந்தது.