கூப்பிடாமல் வரும் இன்ஜினியர்

“நேத்து பேண்ட் போட்டுக்கினு வந்தான் சார். போறப்ப வேட்டி கட்டிக்கினு போறான்!” என்றார் அட்டெண்டர் ஆதிமூலம், குரலைத் தாழ்த்தி.

துறைத்தலைவர் கோதண்டராமனுக்குச் சுருக்கென்றது. “யாரு, அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியரா?”

“ஆமா சார், பிரசாத்துதான். துணி மாத்தறதுக்கு ரேணுகாம்பா மேடமே உள்ரூமைத் தொறந்து வுட்டாங்க.”

கோதண்டராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அடப்பாவமே, விஷயம் இவ்வளவு தூரம் போய்விட்டதா!

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மலையடிவார ஊரிலிருந்த அந்தக் கிளை மையத்துக்கு இருபது கம்ப்யூட்டர் வாங்கப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. மூன்று கம்பெனிகளின் பெயரை அனுப்பி, இவற்றில் ஒன்றை எடுத்தால்தான் மூன்று வருஷம் கம்பெனி ஆளே வந்து ரிப்பேர் பார்ப்பான் என்று கண்டிப்பாக எழுதியிருந்தது. பழகிப் பார்க்கக் கம்பெனிக்கு ஒன்றாக மூன்று கம்ப்யூட்டர் வந்து இறங்கி மூன்று மாதமாகிறது.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு விரிவுரையாளர் ரேணுகாம்பாளுக்கு. அவள் எழுதிக் கொடுத்ததோ பிரசாத்தின் கம்பெனியை. மூன்றிலும் மகா மந்தம் அதுதான். ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டு வரலாம்.

அப்போதே கோதண்டராமனுக்குச் சந்தேகம். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் பத்து தரம் போன் பண்ணினாலும் சென்னையைவிட்டு நகர்வதில்லை. இவன் மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிறான். எந்த ஊரில் நடக்கும் இந்த அதிசயம்?

பார்வையாளர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். இதுவரை மூன்று தடவை வந்திருக்கிறான். தேதிகளைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. மூன்றுமே அவர் லீவு போட்ட நாட்கள்!

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் அவர். கூட்டத்தில் நசுங்குவது அவருக்கு ஆகாது. மாதத்தில் பஸ் பிதுங்கி வழிகிற அந்த ஒரு நாள் மட்டும் லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார். அந்த நாளாகப் பார்த்து வரவழைக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்!

விறுவிறுவென்று இரண்டு பக்கப் புகார் எழுதி இயக்குநர் மணியம்மாளிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு ரேணுகாம்பாளைக் கூப்பிட்டனுப்பினார்.

“அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். இந்த நேரத்துல இது மேல போச்சுன்னா இருக்கிற வேலையும் போயிடும்மா. என்னதான் நடக்குது?”

ரேணுகாம்பாளின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலையில் காத்துக் கிடப்பவள், பாவம்.

“வேகமான கம்ப்யூட்டர் ரெண்டு இருக்கறப்ப இந்த மாட்டு வண்டியை எதுக்கும்மா புடிச்சீங்க?” என்று கோதண்டராமன் பாய்ந்தார்.

“வேகம் இருந்து என்ன சார் பண்றது? அந்த ரெண்டும் கெட்டுப்போய்த் துணி மூடிக் கெடக்குது. ரிப்பேருக்கு ஆள் வரலைன்னா பசங்க எதுல படிப்பாங்க?”

“இவன் மட்டும் வந்துடுவானா? ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வருவான். அப்புறம் ஆளையே பாக்க முடியாது.”

“வருவாரு சார். கம்பெனி போவாதன்னு சொன்னாக்கூட இவரு வருவாரு.”

“பாத்தீங்களா மேடம், அவங்க வாயாலயே வந்துடுச்சு!” கோதண்டராமன் மேஜையைத் தட்டினார். “மூணு வருசத்துக்கு மாசம் தவறாம வருவான்னு இவங்க எப்படிச் சொல்றாங்க? அப்படி என்ன பந்தம்னு கேளுங்க!”

மணியம்மாள் புகாரைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். “சொல்லும்மா. எந்த தைரியத்துல சொல்ற?”

ரேணுகாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“புள்ள பொறந்ததுக்கு நாப்பத்தெட்டு பௌர்ணமி கிரிவலம் வர்றதா வேண்டுதல் மேடம் அவருக்கு!”