கெட்டிச் சரக்கு

"இந்தத் தடவையும் ஆர்டர் இல்லாம வந்தா, ஆபீஸ் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்று திருச்சி மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். பாறை துளைக்கும் கார்பைடு முனைகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு தனபால் அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினான். டீக்கடையில் விசாரித்தான்.

"இங்க கார்பைடு நெறைய வாங்குறது யாருங்க?"

"கொளஞ்சியைப் பாருங்க."

சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. ஆள் குவாரி காண்டிராக்டராகத்தான் இருக்கும். கொளஞ்சியின் குடோன் வாசலிலேயே தனபால் ஆரம்பித்துவிட்டான்.

"எங்க கார்பைடு வைரத்துக்கு அடுத்த கெட்டிங்க."

"கெட்டியா இருந்தா நல்லதுதான். போன தடவை வந்தது ஒரே தூளு."

"இரும்பு உருகுற சூட்டுலயும் இது உருகாது. அணுவுக்கு அணு அவ்வளவு இறுக்கமான பிடிப்புங்க."

"சூடு ஏறினாத்தான் நமக்கு வேலை ஆகும்."

"சூடா இருக்கையில தண்ணி மட்டும் படக்கூடாது."

"தெரியுமே. ஒரு வாட்டி பட்டு, குடோனே நாறிப்போச்சு."

அது ஏன் நாற வேண்டும் என்று தனபாலுக்கு விளங்கவில்லை. ஆர்டர் கனிகிற நேரத்தில் கேள்வி எதற்கு என்று தலையாட்டி வைத்தான்.

"உள்ள அத்தனையும் கல்லா கெடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்" என்றார் கொளஞ்சி.

"வெள்ளிக்கிழமையா? அரை மணி நேரம் போதுங்க."

கொளஞ்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். குடோனைத் திறந்தார். வைக்கோலை விலக்கி, பச்சைப்பசேலென்று ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"அரை மணி நேரம்தானே தம்பி? இந்த மல்கோவாவைப் பழுக்க வச்சு, இருந்து தின்னுட்டே போங்க."