எவர்சில்வர் பாட்டில்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னதாக ஒரு கதை வைத்திருக்கிறேன்.

டயாலிசிஸ் வார்டு வாசலில் புருஷன் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்ததும் மனைவி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வெயில்ல கிடந்தது. பிளாஸ்டிக் தூள் தண்ணியில இறங்கியிருக்கும். இந்தாங்க, எவர்சில்வர்."

"அடிப்பாவி! உள்ள மெஷின்ல ட்யூப், ஃபில்டர் எல்லாமே பிளாஸ்டிக்தான். குடம் குடமா தண்ணி ரத்தத்தை உரசிட்டு ஓடுது. அதை விட்டுட்டு என் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டியே!"

"அதையும் டெக்னீஷியன்கிட்ட கேட்டுட்டேன். ஃபில்டரை ஒழுங்கா மாத்துறாங்களாம். ரொம்பப் பொடித் தூள் என்ன பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குதாம். அது என் கையில இல்ல. நீங்க என் கையில இருக்கீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே எவர்சில்வர் பாட்டிலைக் காலி செய்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெக்னீஷியன் கதவைத் திறந்தார். "நேரமாச்சு, வாங்கம்மா."

அவள்தான் எழுந்து உள்ளே போய்ப் படுத்து, ஊசிக்குக் கையை நீட்டினாள்.

"சீக்கு உனக்கு, பத்தியம் எனக்கா?" என்றார் கூடவே வந்தவர்.

"பின்னே? அடுத்த மாசம் உங்க கிட்னி ஒண்ணு எனக்கு வரப்போகுது. என் பொருளை உங்ககிட்ட விட்டு வெச்சிருக்கேன். அழுக்குப் பண்ணாம குடுங்க!"

உங்கள் வீட்டுத் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும் கண்ணுகளா. பாட்டிலைப் பிடுங்க ஓர் ஆளும் என்றைக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.